காப்பிப் பழம் எடுக்கும் மாதத்தில் ஏற்காடு

ஜனவரி 22, வியாழன். சேலம்

காலை ஆறு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். நல்ல குளிர். இந்த முறை சேலம் வந்தது ஊர் சுற்ற இல்லை. வெளிநாட்டில் இருக்கும் ஒரு தனியார் அறக்கட்டளை பல நாடுகளில் பெண் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் வேலை செய்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை வெளியாள் ஒருவர் போய், உதவி பெறும் பிள்ளைகளின் வீடுகளைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இந்த வருஷம் அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு அமைப்புகளின் பெயரையும் எழுதப் போவதில்லை. பிள்ளைகளின் பெயரும் வராது. சின்ன ஊர்கள், யாரென்று உடனே தெரிந்துவிடும்.

அழைத்துப் போக வந்தவர் அங்கே பதினோரு வருஷமாகக் களப்பணி செய்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. ஊரில் எல்லோருக்கும் அவர் அக்கா, அதனால் எனக்கும் அக்கா. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு நீள நோட்டு, ஒரு குடை, ஒரு பாக்கெட் வர்க்கி. நோட்டில் பக்கத்துக்கு ஒரு பிள்ளை. பேர், வகுப்பு, அப்பா அம்மா வேலை, அப்புறம் தேதி போட்டுத் தேதி போட்டுச் சின்னச் சின்ன வரிகள்.

முதலில் சிவதாபுரம் பக்கம் போனோம். வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும் பகுதி. சேலத்துக் கொலுசு நாடெங்கும் போகிறது. அது உருவாகும் இடம் இப்படிப்பட்ட பத்துக்குப் பத்து அறைகள்தான். நாங்கள் போன வீட்டில் அம்மாவும் பெண்ணும் ஒரு தாம்பாளத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். தாம்பாளத்தில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளி வளையங்கள். அந்தப் பெண் இடுக்கியால் ஒன்றை எடுத்து அடுத்ததில் கோத்து, விரல் நுனியில் அழுத்தி, அடுத்ததை எடுக்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில் ஒரு முறைகூட வளையம் கைதவறி விழவில்லை. பற்றவைக்கும் வேலை அம்மாவுடையது. தீயின் ஒளி அவர் முகத்தில் பட்டுப் பட்டு மறைந்தது.

பெண் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம், வந்த பிறகு இரண்டு மணி நேரம் இந்த வேலை. எட்டாம் வகுப்பில் இவளை மக்கு என்று ஒதுக்கிவைத்திருந்தார்களாம். அக்கா ஒருநாள் இவள் நோட்டை வாங்கிப் பார்த்திருக்கிறார். பலகையிலிருந்து எழுதியது எல்லாம் தப்பு, புத்தகத்திலிருந்து எழுதியது எல்லாம் சரி. மறுநாளே கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். இப்போது மூக்குக் கண்ணாடியோடு வகுப்பில் மூன்றாவது இடம். கண்ணாடி வாங்கியது அறக்கட்டளைப் பணத்தில்தான். ஆனால் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தது யார்?

சாயங்காலம் அக்கா தட்டுவடை செட் வாங்கித் தந்தார். பீட்ரூட், கேரட் துருவலும் சட்னியும் வைத்து மூடிய தட்டுவடை. சேலத்துக்காரர்களுக்கு அது இல்லாமல் மாலை முடியாது. சாப்பிட்டுக்கொண்டே அவர் ஒன்று சொன்னார். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதலில் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். பெண் குழந்தையைக் கொல்லாதே, வேண்டாமென்றால் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று அரசாங்கம் சொல்ல வேண்டியிருந்த காலம். "அந்த வருஷம் பொறந்தவங்களுக்கு இப்ப முப்பத்துமூணு முப்பத்துநாலு வயசு. அவங்க பொண்ணுங்கதான் இப்ப ஒம்பதாவது, பத்தாவது படிக்குது" என்றார். அறைக்கு வந்த பிறகும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி. மலைமேல்

ஏற்காட்டுப் பஸ். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம், அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. பத்தாவது வளைவுக்கு மேலே காற்று மாறுகிறது, சால்வை தேடுகிறோம். வளைவுகள் முடியும்போது சில்வர் ஓக் மரங்களும், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடியும், அடியில் காப்பிச் செடியும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பிருந்தே இங்கே சாமையும் தினையும் போட்டு வாழ்ந்தவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பேர்தான் மலையாளி, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்து ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை.

ஏற்காடு என்றால் பள்ளிக்கூடங்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல் தொடங்கியது. எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விடுதியில் சேர்க்கிறார்கள். மலையிலேயே பிறந்த பிள்ளைக்குப் பள்ளி இருக்கும் தூரம் வேறு கணக்கு. ஊருக்குள் தொடக்கப் பள்ளி ஐந்தாவதோடு முடியும். நடுநிலைப் பள்ளி ஒரு சரிவு தாண்டி, எட்டாவதோடு முடியும். பத்தாவதுக்கு இன்னொரு இடம், பன்னிரண்டுக்கு ஏற்காடு டவுன் அல்லது விடுதி, கல்லூரிக்குச் சேலம். கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரைதான் கணக்கில் எடுக்கிறது, அதாவது எட்டாவது வரை. பெண் பிள்ளைகள் நின்றுபோவதும் பெரும்பாலும் இந்தப் படிகளில்தான். படிப்பு வராமல் நிற்பவர்கள் குறைவு. பள்ளிக்கூடம் முடிந்துபோகிறது, அடுத்தது தூரத்தில் இருக்கிறது. அவ்வளவுதான்.

மதியம் ஒரு பள்ளிக்குப் போனோம். ஒன்பதாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. டீச்சர் சொன்னார்: "பொங்கல் லீவுக்குப் போனதுங்க மேடம். பழம் எடுப்பு முடியாம திரும்பாது." நவம்பரில் தொடங்கும் காப்பிப் பழம் எடுப்பு ஜனவரியில் உச்சத்தில் இருக்கிறது. பழுத்த பழம் செடியிலேயே நின்றால் உதிர்ந்துவிடும், அதனால் வீட்டில் இருக்கும் எல்லாக் கையும் வேண்டும். பிள்ளைகள் பறிக்கப் போகாவிட்டாலும், அம்மா பறிக்கப் போவதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நிற்க வேண்டும். கோடைத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மூன்று வாரம் போய்விடுகிறது.

இருந்தவர்களிடம் அறக்கட்டளையின் படிவத்தை நிரப்பினேன். எல்லா நாட்டுக்கும் ஒரே படிவம். ‘வீட்டிலிருந்து பள்ளிக்குத் தூரம், கிலோமீட்டரில்’ என்று ஒரு கட்டம். ஒரு பெண்ணிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "மழை இல்லன்னா ஒரு மணி நேரம் மிஸ்" என்றாள். மழை பெய்தால்? "அப்ப ஓடை தாண்ட முடியாது. சுத்திப் போகணும். போக மாட்டோம்." அவள் சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதிவைத்தேன். கிலோமீட்டர் கட்டம் காலியாகவே இருக்கிறது.

ராத்திரி தங்கிய இடத்தில் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தேன். வெளிநாட்டுப் பணம் இந்த மலைக்கு வரும் வழி நீளமானது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை எதுவானாலும் முதலில் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. அதனால் பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குக் கொடுக்கும் பழைய வழி அடைபட்டது. இங்கே இருப்பவர்கள் நேரடியாகவே அனுமதி பெற்றுப் பணம் வாங்குகிறார்கள். கணக்கு ஒழுங்காக இருக்கிறது. என் மனதை உறுத்தியது வேறு. அடுத்த வருஷத்துக்கான திட்ட வரைவில் பிள்ளைகளுக்கு டேப்லெட் வாங்க ஒரு தொகை, அதற்கு ஈடாகக் களப்பணியாளர் இருவரில் ஒருவரைக் குறைப்பது என்று இருக்கிறது. அந்த ஒருவர் அக்காவாக இருக்கலாம். அவருக்கு இது தெரியும். இரண்டு நாளாக என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜனவரி 24, சனி. நாகலூர் பக்கம் ஒரு சிற்றூர்

இன்று தேசியப் பெண் குழந்தைகள் தினம். ஐ.நா.வின் சர்வதேசக் கல்வி தினமும் இதே தேதிதான். எங்கெங்கோ கூட்டங்கள் நடந்திருக்கும். நாங்கள் காலை ஏழு மணிக்கு ஜீப்பில் கிளம்பி, ஜீப் நின்ற இடத்திலிருந்து நடந்தோம். பனி இறங்கி இரண்டடி முன்னால் போகும் அக்காவின் குடைதான் தெரிந்தது.

தேடிப் போனது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை. விடுதியில் தங்கிப் படித்தவள். பொங்கலுக்கு வந்தவள் திரும்பவில்லை. அக்காவின் நோட்டில் அவள் பக்கத்தில் ஐந்து வருஷக் கதை இருக்கிறது: ஐந்தாவது முடிந்ததும் நிறுத்தப் பார்த்தார்கள், பேசிச் சேர்த்தது. எட்டாவதில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இரண்டு மாதம் வரவில்லை. அரையாண்டில் கணக்கில் 71.

வீட்டு வாசலில் சாணம் மெழுகிய களம். அதில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. புதுப் பழம் சிவப்பு, இரண்டு நாள் ஆனது கருஞ்சிவப்பு, நன்றாகக் காய்ந்தது கறுப்பு. பாட்டி ஒருவர் வெறுங்காலால் களத்தில் கோடு கோடாக நடந்து பழத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். காலாலேயே கிளறிக் காலாலேயே பரப்புகிறார், ஒரு பழம் மிதிபடவில்லை. புளித்த இனிப்பு வாசனை களம் முழுக்க.

"வா பாப்பா, உக்காரு" என்று எனக்குப் பாய் போட்டு, வெல்லம் போட்ட கடுங்காப்பி கொடுத்தார். அக்கா நேராக விஷயத்துக்கு வரவில்லை. மிளகு இந்த வருஷம் எப்படி, பன்றி வந்து கிழங்கைத் தோண்டியதா, பெரிய பெண்ணின் குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கு நேரம் வீணாகப் போவது போல இருந்தது. பிறகுதான் புரிந்தது, அந்த முக்கால் மணி நேரம்தான் வேலை. கடைசியில் பேத்தியைப் பற்றிக் கேட்டபோது பாட்டி, "அதுக்கு ஒடம்பு சரியில்ல கண்ணு" என்றார். தோட்டத்திலிருந்து வந்த அப்பா, "பழம் எடுக்க ஆளு இல்லீங்க, அடுத்த மாசம் அனுப்பிடறேன்" என்றார். பெண் கதவோரம் நின்றாள். எதுவும் சொல்லவில்லை. இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்பதை அக்கா கவனித்துவிட்டார். வற்புறுத்தாமல் எழுந்துகொண்டார். "நாளைக்கு வரேன் பாட்டி. நம்ம நர்சு பொண்ணையும் கூட்டிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி நடக்கும்போது இதையெல்லாம் உலகத்தில் வேறு யார் யார் செய்கிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆன் காட்டன் என்ற வேல்ஸ் நாட்டுப் பெண்மணி 1991-ல் ஜிம்பாப்வேயின் கிராமங்களுக்குப் போனார். அங்கே பெண்கள் பள்ளிக்கு வராததற்குப் பழக்கவழக்கம்தான் காரணம் என்று பலரும் நினைத்திருந்தார்கள். அவர் கண்டது வறுமை. ஒரு பிள்ளைக்குத்தான் பணம் கட்ட முடியும் என்றால், நாளைக்குச் சம்பள வேலை கிடைக்க வாய்ப்புள்ள பையனுக்குக் கட்டினார்கள். ஊர் திரும்பிய அவர் கேம்பிரிட்ஜ் சந்தையில் கேக் விற்றுக்கூடப் பணம் சேர்த்தார். 1993-ல் 32 பெண்களுக்கு உதவியோடு அவருடைய கேம்ஃபெட் அமைப்பு தொடங்கியது. அந்த 32 பேரில் ஒருவரான ஆஞ்சலின் முரிமிர்வா பிற்பாடு அந்த அமைப்புக்கே தலைமை நிர்வாகி ஆனார். படித்து முடித்த பெண்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கே திரும்பப் போய் அடுத்த பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிறார்கள்.

அக்கா நின்றுவிட்டார். "நாளைக்கு நர்சு பொண்ணை எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நெனச்சீங்க?" என்றார்.

மலாலா நிதியம் பற்றியும் சொன்னேன். 2013 ஏப்ரலில் அது அறிவித்த முதல் உதவி 45,000 டாலர். பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் 40 பெண் பிள்ளைகள் படிப்பதற்காக. இன்று பல நாடுகளில் அந்தந்த ஊரிலேயே வேலை செய்பவர்களைத் தேடி அவர்களுக்குப் பணம் தருகிறது. ராஜஸ்தானில் 2007-ல் சஃபீனா ஹுசைன் தொடங்கிய எஜுகேட் கேர்ள்ஸ் அமைப்புக்கு 2025-ல் மகசேசே விருது கிடைத்தது. அங்கேயும் ‘டீம் பாலிகா’ என்று ஊர் இளைஞர்கள்தான் வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்கு வராத பெண்களைக் கணக்கெடுத்துச் சேர்க்கிறார்கள். பெரிய பேர் வாங்கிய எந்த அமைப்பைப் பார்த்தாலும் அடியில் இருப்பது இதேதான்: ஊர் தெரிந்த ஒரு ஆள், கதவைத் தட்டுகிறார், மறுநாளும் வருகிறார். பள்ளிக்கு வெளியே இருக்கும் பெண் பிள்ளைகள் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் என்று யுனெஸ்கோ சொல்கிறது. அந்த எண்ணை இத்தனை நாள் படித்துக் கடந்திருக்கிறேன். இன்று அது கதவோரம் நின்றது.

ஜனவரி 25, ஞாயிறு. மறுபடி அதே வீடு, பிறகு இறக்கம்

நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கும் பெண் நேற்றிரவே சேலத்திலிருந்து வந்துவிட்டாள். பக்கத்து ஊர்க்காரி. அக்காவின் பழைய நோட்டு ஒன்றில் அவளுக்கும் ஒரு பக்கம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதில்தான் போன், பஸ், சோப்பு எல்லாம் என்றாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் அவளுக்கு ஒரு வருஷம் வீணாகியிருக்கிறது. காரணம் சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை உண்டு, அப்பா வழிச் சொந்தக்காரரின் பழைய சான்று கேட்பார்கள். அவள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் சான்றிதழ் வாங்கியதே இல்லை. சேலம் மாவட்டத்து மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பதால் கடைசியில் கிடைத்துவிட்டது. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் பட்டியலிலேயே இல்லை. அதே மக்கள், அதே பேச்சு, மாவட்டம் மட்டும் வேறு. அங்கே படிக்கும் பெண்களை நினைத்தால் வயிறு எரிகிறது. "பதினொண்ணாவதுலயே எடுத்து வெச்சிரணும்" என்று இவள் இப்போது பார்க்கும் பிள்ளைகளிடமெல்லாம் சொல்கிறாளாம்.

பாட்டி இன்றைக்கும் களத்தில்தான் இருந்தார். நாங்கள் பெரியவர்கள் வாசலில் உட்கார, இரண்டு பெண்களும் மிளகுக் கொடிப் பக்கம் போனார்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது சின்னவள் கண் சிவந்திருந்தது. முகம் தெளிந்திருந்தது.

விஷயம் இதுதான். விடுதியில் கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால். அங்கே போகும் வழியில் இருந்த பல்பு தீபாவளிக்கு முன்பே எரிந்துபோய்விட்டது. ராத்திரி தனியாகப் போகப் பயம். மாதவிலக்கு நாட்களில் விடியும் வரை அப்படியே படுத்துக் கிடந்திருக்கிறாள். டிசம்பரில் ஒரு முறை போர்வையில் கறைபட்டு மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வாள்? பாட்டியிடம் உடம்பு சரியில்லை என்றாள், பாட்டி அதைத்தான் எங்களிடம் சொன்னார். அப்பாவுக்குப் பழம் எடுக்க ஆள் வேண்டும், அவர் தன் காரணத்தைச் சொன்னார். பெண் இன்று கேட்ட ஒரே கேள்வி: "அங்க லைட்டு எரியுமாக்கா?"

அக்கா அங்கேயே நின்று விடுதிப் பொறுப்பாளருக்குப் போன் போட்டார். சத்தம் போடவில்லை. "பல்பு நான் வாங்கிட்டு வரேன், ஏணி மட்டும் எடுத்து வைங்க" என்றார். அப்பாவிடம், பழம் எடுப்புக்கு ஒரு வாரத்துக்குச் சித்தப்பா வீட்டில் ஆள் கேட்கலாம் என்று பேசி, அதற்கும் தானே ஒரு நடை போய் வருவதாகச் சொன்னார். அப்பா கொஞ்ச நேரம் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பாட்டிதான் உள்ளே போய்ப் பேத்தியின் பையை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். நோட்டின் அந்தப் பக்கத்தில் அக்கா இன்றைய தேதி போட்டு எழுதியது ஒரே வார்த்தை: பல்பு.

இதை இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏரிக்கரை முழுக்க விடுமுறைக் கூட்டம், மிளகாய் பஜ்ஜி வாசனை ஜன்னல் வழியே வந்தது. அறிக்கையின் முதல் பக்கத்தை எழுதிவிட்டேன். டேப்லெட் வேண்டாம் என்று எழுதவில்லை, அது வரட்டும். களப்பணியாளர் இருவரும் இருக்க வேண்டும், சம்பளத்தைக் கூட்ட வேண்டும், ஜீப்புக்குத் தனித் தொகை வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். கண்ணாடி, பல்பு, சான்றிதழ் மூன்றையும் அப்படியே சேர்த்திருக்கிறேன். படிவத்தில் தூரத்தை மணிக்கணக்கில், மழைக்காலம் வெயில்காலம் என்று பிரித்துக் கேட்க வேண்டும் என்றும்.

நாளை குடியரசு தினம், அலுவலகங்கள் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை அக்கா அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு விடுதிக்குப் போகிறார். கொலுசு வீட்டுப் பெண்ணோடு ஒரே வகுப்பில் படிக்கும், மலையிலிருந்து வந்த இன்னொருத்தியின் சான்றிதழ் விண்ணப்ப ரசீதை என்னிடம் கொடுத்திருக்கிறார். ஊருக்குப் போவதை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டேன். செவ்வாய் பத்து மணிக்கு நான் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் இருப்பேன்.